எஸ்ஓபி: நீங்கள் கையெழுத்திடும் வாக்குமூலம்

வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண், வங்கிக் கடன், ஆஃபர் லெட்டர் என்று மாதக்கணக்கில் பேச்சு நடக்கிறது. விண்ணப்பத்தோடு போகும் எஸ்ஓபி (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்) என்ற கட்டுரையைப் பற்றி மட்டும் பேச்சே வருவதில்லை. "எஸ்ஓபியை கன்சல்டன்சியிலேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்" என்ற ஒரு வரியோடு அது முடிந்துவிடுகிறது.

அப்படி விட்டுவிடக்கூடிய காகிதம் அல்ல அது. காமன் ஆப் போன்ற தளங்களில் விண்ணப்பத்தை அனுப்பும் முன், 'இதில் உள்ளவை உண்மை, இது என் சொந்த எழுத்து' என்று உறுதிமொழி தர வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்திய கணத்தில் கட்டுரை உங்கள் வாக்குமூலமாகிவிடுகிறது. அதில் பொய் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் எழுதிக் கொடுத்தவர் அல்ல, நீங்கள்தான். எனவே அதை எப்படி எழுதுவது, எங்கே ஆபத்து இருக்கிறது, சிக்கல் வந்தால் யாரிடம் போவது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வியை முதலில் படியுங்கள்

ஒவ்வொரு நாடும் கேட்பது வேறு. அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்குப் பயன்படும் காமன் ஆப் விண்ணப்பத்தின் முதன்மைக் கட்டுரை 250 சொல்லுக்குக் குறையக்கூடாது, 650 சொல்லைத் தாண்டக்கூடாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எட்டுக் கேள்விகள் தந்து நான்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஒவ்வொரு பதிலும் 350 சொல்லுக்குள் இருக்க வேண்டும். பிரிட்டனில் இளநிலை விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ், 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேட்கிறது: இந்தப் படிப்பு ஏன், உங்கள் கல்வி அதற்கு உங்களை எப்படித் தயார் செய்தது, வகுப்பறைக்கு வெளியே என்ன செய்து தயாரானீர்கள். இடைவெளியையும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துக்குறிகள். ஒவ்வொரு பதிலுக்கும் குறைந்தது 350.

ஆஸ்திரேலியாவின் மாணவர் விசா விண்ணப்பத்திலும் 2024 மார்ச்சிலிருந்து நேரடிக் கேள்விகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும். ஒரே எஸ்ஓபியை எல்லா நாட்டுக்கும் வெட்டி ஒட்டும் பழக்கம் இனிச் செல்லாது. கேட்டதற்குப் பதில் சொல்லாத கட்டுரை எவ்வளவு அழகாக இருந்தாலும் தோற்றுவிடும்.

எல்லோரும் எழுதுவதை நீங்களும் எழுதாதீர்கள்

2007-இல் யூகாஸ் சுமார் 50,000 விண்ணப்பக் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் வேதியியல் சோதனை செய்தபோது பைஜாமாவில் ஓட்டை விழுந்தது, அன்றே அறிவியலில் ஆர்வம் பிறந்தது என்று 234 பேர் எழுதியிருந்தார்கள். இணையத்தில் கிடந்த மாதிரிக் கட்டுரையிலிருந்து எடுத்த வரி அது. முதுமையால் தளர்ந்த தாத்தாவைப் பார்த்து மருத்துவராக முடிவு செய்ததாக எழுதியவர்கள் 175 பேர்.

நம் ஊர்க் கட்டுரைகளிலும் இப்படித் தேய்ந்துபோன வரிகள் உண்டு. 'சிறு வயது முதலே கணினி மீது தீராத ஆர்வம்', 'தங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் பயில்வது என் வாழ்நாள் கனவு', தொடக்கத்தில் அப்துல் கலாமின் மேற்கோள், முடிவில் 'தாய்நாட்டுக்குச் சேவை செய்வேன்' என்ற வாக்குறுதி. இவற்றில் பொய் இல்லாமல் இருக்கலாம். ஆனால் எழுதியவர் யார் என்பதை இவற்றில் எதுவும் சொல்வதில்லை. பெயரை மாற்றினால் வேறு யாருக்கும் பொருந்திவிடும் வரியை நீக்கிவிடுங்கள்.

அதற்குப் பதிலாக என்ன எழுதலாம்? ஓர் உதாரணம். 'செயற்கை நுண்ணறிவில் எனக்கு மிகுந்த ஆர்வம்' என்பதை இப்படி மாற்றிப் பாருங்கள்: 'இறுதியாண்டு புராஜெக்டில், நெல் இலையின் படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் செய்தோம். லேபில் எடுத்த படங்களுக்குச் சரியாகச் சொன்னது. வயலில் எடுத்த படங்களில் நிழலையும் ஈரத்தையும் நோய் என்று சொல்லிவிட்டது. இந்த இடைவெளியை எப்படிக் குறைப்பது என்பதைப் படிக்கத்தான் இந்தப் பாடப்பிரிவுக்கு விண்ணப்பிக்கிறேன்.' இதில் ஆர்வம் என்ற சொல்லே இல்லை; ஆர்வம் தெரிகிறது. நேர்காணலில் இதைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டாலும் எழுதியவரால் பதில் சொல்ல முடியும்.

மற்ற தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரெஸ்யூமேயில் இருப்பதையே மீண்டும் பத்தி பத்தியாக எழுதுவது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதியதில் பெயரை மாற்ற மறந்து இன்னொன்றுக்கு அனுப்புவது. அகராதியில் தேடிப் பிடித்த கனமான ஆங்கிலச் சொற்களை அடுக்குவது. நடந்து முடிந்ததைச் சொல்லும் பத்தியில் இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்து வருவது. தமிழில் 'எ', 'தி' போன்ற ஆர்ட்டிகிள்கள் இல்லாததால் ஆங்கிலத்தில் அவற்றை விட்டுவிடுவதோ வேண்டாத இடத்தில் போடுவதோ நமக்கு எளிதில் நேரும் பிழை. வாய்விட்டுப் படித்தால் பாதிப் பிழை காதிலேயே பிடிபடும்.

அரியர் வைத்தவர்கள் அதை மறைக்க நினைக்கிறார்கள். மதிப்பெண் பட்டியல் அதைச் சொல்லத்தான் போகிறது. எந்த செமஸ்டரில், என்ன காரணத்தால், அதன் பிறகு எப்படித் தேறினீர்கள் என்று மூன்று வரியில் நேராகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள். வருத்தப்பட்டு ஒரு பக்கம் எழுத வேண்டாம்.

பிறர் எழுதிய கட்டுரையில் உள்ள ஆபத்துகள்

முதல் ஆபத்து, பிடிபடுவது. யூகாஸ் தன்னிடம் வரும் கட்டுரைகளைப் பழைய கட்டுரைகளின் தொகுப்போடு ஒப்பிடுகிறது. 30 சதவீதம் அளவுக்கு ஒற்றுமை தெரிந்தால் அதை ஆராய்ந்து, விண்ணப்பித்தவருக்கும் அவர் தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகங்களுக்கும் தெரிவிக்கும். ஒரே கன்சல்டன்சி ஒரே டெம்ப்ளேட்டில் பலருக்கு எழுதிக் கொடுக்கும்போது, நீங்கள் யாரையும் பார்த்து எழுதாமலேயே இதில் மாட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, விசா. செய்யாத வேலை, நடக்காத பயிற்சி, இல்லாத அனுபவம் ஆகியவற்றைக் கட்டுரையில் சேர்த்து அதையே விசா விண்ணப்பத்திலும் வைத்தால் அது தவறான தகவல் அளித்த குற்றமாகப் பார்க்கப்படும். கனடாவில் இதற்கு ஐந்தாண்டுத் தடை. பிரிட்டனில் ஏமாற்று நிரூபணமானால் பத்தாண்டு வரை விசா மறுக்கப்படலாம். 'ஏஜென்ட் எழுதியது, எனக்குத் தெரியாது' என்பது அங்கே எளிதில் எடுபடாது.

மூன்றாவது, படிக்கச் சேர்ந்த பிறகு வருவது. 'அசைன்மென்டும் எழுதித் தருகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். இங்கிலாந்தில் 2022-இல் வந்த சட்டமும் ஆஸ்திரேலியாவில் 2020-இல் வந்த சட்டமும் இப்படி எழுதி விற்பதையும் அதற்கு விளம்பரம் செய்வதையும் குற்றமாக்கியுள்ளன. ஆஸ்திரேலியாவில் இரண்டாண்டுச் சிறை வரை போகலாம். சட்டம் விற்பவரைத் தண்டிக்கிறது. வாங்கிய மாணவர் மீது பல்கலைக்கழகம் நடவடிக்கை எடுக்கிறது. நீக்கப்பட்டால் மாணவர் விசாவும் ஆட்டம் காணும். விற்றவரே பின்னால் 'பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடுவேன்' என்று மிரட்டிப் பணம் பறிப்பதாக அந்த நாடுகளின் கல்வி அமைப்புகள் எச்சரித்திருக்கின்றன.

நான்காவது, செயற்கை நுண்ணறிவு. சாட்ஜிபிடி போன்றவை எழுதியதைத் தன் எழுத்தாகக் காட்டுவதை 2023 ஆகஸ்டிலிருந்து காமன் ஆப் மோசடிப் பட்டியலில் சேர்த்துள்ளது. இதில் நம் மாணவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை ஏழு கண்டறியும் மென்பொருள்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாகச் சொல்லின. ஓப்பன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று தன் கண்டறியும் கருவியை 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. நேர்மையாக எழுதியவரும் சந்தேகத்துக்கு ஆளாகலாம் என்பதே இதன் பொருள். அந்த நேரத்தில் உங்களைக் காப்பாற்றக்கூடியது உங்கள் வரைவுகள்தான்.

உங்கள் உரிமைகள்

நீங்கள் எழுதிய கட்டுரையின் பதிப்புரிமை உங்களுடையது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். உங்கள் அனுமதி இல்லாமல் ஒரு கன்சல்டன்சி அதைத் தன் தளத்தில் 'வெற்றிபெற்ற மாதிரி' என்று போடவோ அடுத்தவருக்குக் கொடுக்கவோ முடியாது. இதையே திருப்பிப் பார்த்தால், வேறொருவர் எழுதிக் கொடுத்ததற்கு நீங்கள் பணம் கொடுத்ததால் மட்டும் அது உங்கள் உடைமையாகிவிடாது. உரிமையை எழுத்தில் மாற்றித் தந்தால்தான் அது உங்களுக்கு வரும்.

விண்ணப்பக் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்க வேண்டும். அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கொடுக்கும் பணத்துக்கு ரசீதும், என்ன சேவை என்ற எழுத்து வடிவ விவரமும் கேட்டு வாங்குங்கள். 'இலவசச் சேவை' என்று சொல்லும் பல நிறுவனங்களுக்குப் பல்கலைக்கழகங்களிடமிருந்து கமிஷன் வருகிறது. எந்தக் கல்லூரியைப் பரிந்துரைத்தாலும் 'உங்களுக்கு இதில் கமிஷன் உண்டா?' என்று கூச்சமில்லாமல் கேளுங்கள்.

பிரிட்டனில் உள்ள பல்கலைக்கழகம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலின் நகலை அங்குள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம். கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

சிக்கல் வந்தால் என்ன செய்வது

கட்டுரை மீது சந்தேகம் என்று மின்னஞ்சல் வந்தால் பயந்து மௌனமாக இருக்காதீர்கள். எந்தப் பகுதி, எதனுடன் ஒத்துப்போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் வரைவுகள், தேதியோடு கூடிய கூகுள் டாக்ஸ் திருத்த வரலாறு, கைக்குறிப்பின் படங்கள், ஆசிரியரிடம் காட்டிய மின்னஞ்சல் ஆகியவற்றை இணைத்து, கெடு முடியும் முன் பதில் அனுப்புங்கள். யூகாஸ் தகவலைத்தான் தெரிவிக்கிறது. முடிவெடுப்பது அந்தந்தப் பல்கலைக்கழகம். உங்கள் விளக்கத்தை அங்கேயும் அனுப்புங்கள்.

உங்களைக் கேட்காமல் ஏஜென்ட் பொய்யான விவரம் சேர்த்துவிட்டது தெரிந்தால், உடனே பல்கலைக்கழகத்துக்கு நீங்களே எழுதித் திருத்துங்கள். அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்கள் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

பணம் வாங்கிக்கொண்டு சொன்ன சேவையைத் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் பொய்யான கட்டுரைக்குப் பணம் கொடுத்துவிட்டு அது சரியில்லை என்று போவோரின் வழக்கு பலவீனமானது. இணையத்தில் பணம் பறிக்கப்பட்டாலோ மிரட்டல் வந்தாலோ 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்பதைக் கடினமாக்கும்.

உதவி கேட்பது தவறல்ல

ஆசிரியரிடம் காட்டலாம், அண்ணன் அக்காவிடம் கருத்துக் கேட்கலாம், எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லலாம். 'இந்தப் பத்தி புரியவில்லை' என்று ஒருவர் சொல்வது உதவி. 'நகரு, நான் எழுதுகிறேன்' என்று பேனாவை வாங்கிக்கொண்டால் அது உதவி இல்லை. காசு வாங்காமல் வழிகாட்டும் இடங்களும் இருக்கின்றன. அமெரிக்கப் படிப்புக்கு எஜுகேஷன்யூஎஸ்ஏ மையம், ஜெர்மனியில் படிக்க, அந்நாட்டின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) ஆகியவற்றை முதலில் அணுகுங்கள்.

பெற்றோர்களே, லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்புகிறீர்கள். அனுப்பு என்று அழுத்தும் முன் அந்தக் கட்டுரையை உங்கள் மகனோ மகளோ உங்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லட்டும். தடுமாறாமல் சொல்ல முடிந்தால் அனுப்புங்கள். முடியாவிட்டால் கெடு எவ்வளவு நெருங்கியிருந்தாலும் நிறுத்தி, அவர்களையே உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். மாணவர்களே, உங்கள் ஆங்கிலம் சுமாராக இருக்கலாம்; உங்கள் அனுபவம் சாதாரணமாக இருக்கலாம். உங்களுடையது என்று நிரூபிக்க முடிந்த கட்டுரையை மட்டுமே கையெழுத்திட்டு அனுப்புங்கள்.