செக்போஸ்ட் சீட்டு மட்டும் போதாது

வார இறுதி நெருங்கினால் வாட்ஸ்அப் குழுக்களில் மலையேற்ற அழைப்புகள் வரிசை கட்டுகின்றன. பனி மூடிய முகட்டின் படம், வேன் புறப்படும் நேரம், பணம் அனுப்ப ஒரு ஜிபே எண். எந்த வனச்சரகம், அனுமதி கொடுத்தது யார், வழிகாட்டி யார் என்பது பற்றி ஒரு வரி இருக்காது. சேருகிறவர்களும் கேட்பதில்லை. "எல்லாம் அவங்க பார்த்துப்பாங்க" என்று பணத்தை அனுப்பிவிட்டு ஷூ வாங்கப் போய்விடுகிறார்கள்.

குரங்கணியை இவ்வளவு சீக்கிரம் மறந்தால் எப்படி? 2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த அந்த மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 உயிர்கள் போயின. கொழுக்குமலைப் பாதைக்கு அவர்கள் முறையான அனுமதி பெறவில்லை என்றது அரசு. அப்படியானால் உள்ளே விட்டது யார்? வனச்சரகர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், விசாரணை நடந்தது. ஆனால் வனத்துறை செக்போஸ்டில் நுழைவுச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும்போதே "இது எந்தப் பாதைக்கு, எதுவரை" என்று வாய்திறந்து சொல்லும் வழக்கம் எல்லா இடத்திலும் வந்துவிட்டதா?

பிப்ரவரி, மார்ச்சில் மலைப்புல் காய்ந்து நிற்கும். பகலில் காற்று சரிவில் மேல்நோக்கி வீசும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். தீக்கு மேலே நிற்பவர் உச்சியை நோக்கி ஓடித் தப்புவது கடினம்; ஏற்கெனவே எரிந்து முடிந்த தரை, வெறும் பாறை, ஓடை ஆகியவைதான் ஓரளவு பாதுகாப்பு. நைலான், பாலியஸ்டர் உடைகள் உருகித் தோலில் ஒட்டும் என்பதால் பருத்தியே நல்லது. தமிழ்நாட்டில் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடுவது இந்தத் தீக்காலத்துக்காகத்தான். அந்த நாட்களில் ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுப்பாதைக்குக் கூப்பிட்டால், முதல் கேள்வியிலேயே அவரை நிறுத்த வேண்டும்.

இனி அனுமதி. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். எளிய வழி, 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளம். 40 பாதைகளோடு தொடங்கிய இதில் எளிது, மிதமானது, கடினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். காட்டை அறிந்த உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத பாதைக்குப் போக நினைப்பவர் மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சரணாலயமானால் வன உயிரினக் காப்பாளர். எல்லை தாண்டினால் அந்த மாநிலத்தின் அனுமதி தனி: பொதிகை உச்சிக்குத் திருவனந்தபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம்தான் வழி.

ஆர்கனைசர் "பர்மிஷன் வாங்கியாச்சு" என்றால் அந்தத் தாளைக் கேட்க வேண்டும். உத்தரவு எண், தேதி, தொடங்கும் இடம், முடியும் இடம், எத்தனை பேர், வழிகாட்டி பெயர் எல்லாம் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். ரேஞ்சர் வாய்வார்த்தையாகச் சொன்னார் என்பது அனுமதி ஆகாது. இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது: செக்போஸ்டில் வாங்கிய சீட்டு, அதில் குறித்த பாதைக்கு மட்டும்தான். அதைத் தாண்டி ஒரு ஒற்றையடித் தடத்தில் திரும்பினாலும் அது அத்துமீறல்.

அனுமதியே இல்லை என்று தெரியவந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விளம்பரப் படம், பணம் அனுப்பிய ரசீது, உரையாடல் மூன்றையும் அழிக்காமல் வைத்திருந்தால்தான் மனு நிற்கும். "என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்" என்று படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும், ஆணையத்தை நாடும் உரிமை போய்விடாது.

இனி, மலையில் சிக்கிக்கொண்டால்? 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா அருகே குறும்பாச்சி மலைப் பாறையிடுக்கில் சிக்கிய இளைஞர், ராணுவம் வந்து மீட்கும்வரை இரண்டு நாள் தண்ணீரும் உணவுமின்றிக் கிடந்தார். அங்கே செல்போன் உதவியது. சிக்னல் கிடைக்காத காடுகளே அதிகம். ஆகவே கிளம்புமுன் அனுமதி உத்தரவின் நகல், பாதை, உடன் வருபவர்களின் எண்கள், வனச்சரக அலுவலக எண், இறங்கவேண்டிய நேரம் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுக்க வேண்டும். குறித்த நேரத்துக்குப் பின் இரண்டு மணி நேரத்தில் தகவல் வராவிட்டால், வீட்டார் விடியட்டும் என்று காத்திராமல் 112-ஐயும் வனச்சரக அலுவலகத்தையும் அழைக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும்.