பண்ணைக் குட்டைக்கு இரண்டு மறுகால் வேண்டும்

பண்ணைக் குட்டையில் நீரைத் தேக்கக் காட்டும் அக்கறையை, மிஞ்சும் நீரை வெளியேற்ற நம் விவசாயிகள் பலர் காட்டுவதில்லை. கரையில் ஒரு நான்கு அங்குலக் குழாயைச் செருகியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகின்றனர்.

கண்மாய் வெட்டிய முன்னோர் கலுங்கு இல்லாமல் கரை போட்டதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் பேய்மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவாயிற்று. கலுங்கு இருந்த குளங்களே பல உடைந்தன. ஒற்றைக் குழாயை நம்பிய குட்டை எம்மாத்திரம்?

கணக்குப் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்து, பாதி வழிந்து வந்தால் 1 லட்சம் லிட்டர். நிமிர்த்தி வைத்த நான்கு அங்குலக் குழாயின் வாய்க்கு மேல் இரண்டு அங்குலம் நீர் நின்றால், மணிக்குச் சுமார் 20,000 லிட்டர்தான் இறங்கும். மீதி கரை மேல் ஏறும்.

குழாய் வேண்டாம் என்பதல்ல. சாதாரண மழைக்கு அதுவே போதும். ஆனால் அது ‘களக், களக்’ என்று சத்தமிட்டால் சும்மா விடக்கூடாது. குழாய் காற்றை விழுங்கி, முழு வேகத்தில் இழுத்துக் கொட்டி, நின்று, மறுபடி இழுக்கிறது என்று பொருள். அந்த அதிர்வில் குழாயைச் சுற்றிய மண் இளகும். கரிசல் மண்ணோ கோடையில் வெடிப்பு விடுவது. குழாயை ஒட்டியே நீர் கசிந்து கரையை அரித்துவிடும். எல்போவை அடுத்து ஒரு ‘டி’ பொருத்தி, முக்கால் அங்குலக் காற்றுக் குழாயைக் கரைக்கு மேல் நீட்டிவிட்டால் சத்தம் அடங்கும். கரைக்குள் போகும் குழாயைச் சுற்றி ஈரக் களிமண்ணை அடுக்கடுக்காக இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும்.

இரண்டாவது வழிதான் உயிர் காப்பது. குழாய் வாய்க்கு அரை அடி மேலே, மூன்று அடி அகலத்தில் திறந்த மறுகால் விடுங்கள். அதன் மேல் அரை அடி நீர் ஓடினால், முன் சொன்ன மழைக்கு இரண்டு ஏக்கர் நீரைத் தாங்கும். கரை அதைவிட ஒன்றரை அடி உயர்ந்திருக்க வேண்டும். போட்ட மண்ணில் மறுகாலை வெட்டாதீர்கள். வெட்டாத இயற்கைத் தரையில் அமைத்து, நீர் விழுமிடத்தில் கல் பாவுங்கள். நீர் ஓடைக்குப் போகட்டும். பக்கத்துக்காரர் மக்காச்சோளத்தில் விட்டால் வழக்கு வரும்!

கட்லா, ரோகு விட்டிருப்போர் குழாய் வாயிலேயே வலையை இறுக்கிக் கட்டுகின்றனர். சிவகாசிப் பக்கம் தீபாவளி கழிந்த மழையில் மிதந்து வரும் வெடித்தாள் குப்பை ஒன்றே அதை அடைத்துவிடும். வாயைச் சுற்றி இரண்டடி தள்ளிக் கம்பு நட்டு, கூடை போல் வலை கட்டுங்கள். மறுகாலிலும் வலை வேண்டும்; இல்லையேல் மீன் ஓடைக்குப் போய்விடும். ஒவ்வொரு மழைக்கும் பின் இரண்டு வலைகளிலும் குப்பையை வழித்தெடுங்கள்.