சத்தம் போடாத டேப்பட்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய செம்மங்குப்பம் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் ஏது என்று கேட்கலாம். ஃபெராரி இல்லைதான். ஆனால் 2000-ல் வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கை ஒருமுறை ஓட்டியவர்கள் அதை வேறு பெயரில் அழைக்க மாட்டார்கள். 106 குதிரைத்திறன், 16 வால்வு, மிதித்தால் சீறும் என்ஜின். அதன் அன்றைய போட்டியாளர் நம் மறைமலை நகரிலேயே தயாரான ஃபோர்டு ஐகான் 1.6. புதிதாக வாங்க முடியாத இளைஞர்கள் இன்று இவற்றை மூன்றாவது, நான்காவது கையாக வாங்கி உயிர் கொடுக்கிறார்கள். மீட்டர் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருக்கும். தாண்டவில்லை என்றால் மீட்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இப்படி வாங்கியவர் பட்டறைக்குப் போய் முதலில் சொல்வது அநேகமாக இதுதான்: “டேப்பட் சத்தம் கேக்குதுண்ணே, டைட் பண்ணிக் கொடுங்க.” டேப்பட் இடைவெளி என்பது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் விடும் சிறு இடம். கேட்டபடி டைட் பண்ணி அதைக் குறைத்தால் என்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடும். ஆறு மாதத்தில் வால்வு கருகும்.

காரணம் எளிது. 6,000 சுற்றில் ஓடும்போது ஒரு வால்வு நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். அந்தச் சூட்டில் பெரும்பங்கு, வால்வு மூடி சீட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் சிறு நேரத்தில்தான் ஹெட்டுக்குள் இறங்குகிறது. மிச்சம் தண்டு வழியாக கைடுக்குப் போகும். லட்சக்கணக்கான கிலோமீட்டரில் சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறும். டேப்பட் இடைவெளி குறையும். ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது. உட்கார இடமில்லாத வால்வுக்குச் சூட்டை இறக்கவும் வழியில்லை. விளிம்பு கருகி, கம்ப்ரஷன் போய், மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கும். அதுவரை என்ஜின் சத்தமே போடாது. தளர்ந்த டேப்பட் டிக்டிக் என்று சொல்லிக்கொண்டு தேயும். இறுகிய டேப்பட் சொல்லாமல் எரிக்கும். எல்.பி.ஜி.க்கு மாற்றிய கார்களில் சீட் இன்னும் வேகமாகத் தேயும், எனவே அவற்றை அடிக்கடி பார்க்க வேண்டும்.

இந்த வகை ஹோண்டா என்ஜின்களில் இன்டேக் பக்கம் 0.18 முதல் 0.22 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 0.23 முதல் 0.27 மி.மீ. இடைவெளி வழக்கம். உங்கள் காரின் கையேட்டில் உள்ளதுதான் இறுதி. ஃபீலர் கேஜ் இல்லாமல் காதால் அட்ஜஸ்ட் பண்ணும் மேஸ்திரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இந்த வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். இன்னொன்று, ஹெட்டின் சூடு 38 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்கிறது ஹோண்டாவின் விதி. கத்திரி வெயிலில் கடலூர்ப் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் அது நடக்காது. காரை ராத்திரியே விட்டுவிட்டு, விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் அளக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது டைமிங் பெல்ட். சிட்டியில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். ஹெட்டைக் கழட்டாமல் தீராது. பெல்ட்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று எல்லோரும் சொல்வார்கள். ரப்பருக்கு வயதும் உண்டு என்பதை விட்டுவிடுவார்கள். ஐந்தாறு வருடம் ஆன பெல்ட், இருபதாயிரம்தான் ஓடியிருந்தாலும், பழைய பெல்ட்தான். திருப்பாதிரிப்புலியூர் நெரிசலில் ஏசி போட்டு நிற்கிற நேரத்திலும் பெல்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மீட்டர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. மாற்றும்போது டென்ஷனர், கேம் ஆயில் சீல், அதே பெல்ட்டில் சுற்றும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவது புத்திசாலித்தனம். பம்ப் பேரிங் இறுகினாலும் புது பெல்ட் போய்விடும்.

ஐகான் 1.6-ல் பெல்ட் இல்லை, செயின். டேப்பட்டும் ஹைட்ராலிக், தானே சரிசெய்துகொள்ளும். அதனால் கவலை இல்லை என்று நினைத்தால் ஆபத்து. அங்கே எல்லாமே ஆயிலை நம்பி நடக்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் இரண்டு நொடி தடதடத்து அடங்கினால் பரவாயில்லை. சூடான பிறகும் தொடர்ந்தால் ஆயில் பிரஷரை அளக்க வேண்டும். சிட்டியின் விடெக்கும் ஆயில் அழுத்தத்தில்தான் ராக்கர்களைப் பூட்டுகிறது. அதன் சோலனாய்டுக்கு முன்னால் உள்ள சின்ன வலை கசடால் அடைத்தால், மேல் சுற்றில் வரவேண்டிய அந்தச் சீற்றம் வராது. செம்மங்குப்பத்திலிருந்து சிப்காட்டுக்கு வேலைக்குப் போய் வருகிற அளவுக்கே ஓடும் காரில், ஆயில் முழுதாகச் சூடேறுவதே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஆயில் மூடியின் உள்பக்கம் தயிர் மாதிரி படிவது அதனால்தான். ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறைத்து, வாரம் ஒருமுறை சிதம்பரம் வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வாருங்கள். நடராஜர் தரிசனம் உபரி.

விலை உயர்ந்த என்ஜின் என்றால் தப்பிக்கலாம் என்பதும் இல்லை. 7 லிட்டர், 505 குதிரைத்திறன் கொண்ட செவ்ரோலே கார்வெட் இசட்06-ல் வால்வு கைடு சீக்கிரமே தேய்ந்தது அமெரிக்காவில் பெரிய பஞ்சாயத்து. கைடு தேய்ந்தால் வால்வு ஆடும். ஆடும் வால்வு ஒருநாள் தலை முறிந்து பிஸ்டன் மேல் விழும். அதனால் அங்கே பலர் முறியும்வரை காத்திருக்காமல், ஓடுகிற என்ஜினின் ஹெட்டையே கழட்டி கைடை அளக்கிறார்கள். நம் ஊரில் ஓடுகிற வண்டியின் ஹெட்டைக் கழட்டச் சொன்னால் வீட்டில் யாரும் விட மாட்டார்கள். பரவாயில்லை, காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரைப் பாருங்கள். நீலப்புகை வந்து மறைந்தால் வால்வு சீலும் கைடும் பார்க்க வேண்டிய நிலை.

வால்வைக் கெடுக்க ஒரு தப்பான கியரும் போதும். ஐந்தாவது கியரிலிருந்து நாலுக்குப் போகிற வேகத்தில் கை தவறி இரண்டில் விழுந்தால் எந்த ரெவ் லிமிட்டரும் காப்பாற்றாது. சக்கரமே என்ஜினை எல்லை தாண்டிச் சுழற்றும். வயதான ஸ்பிரிங் வால்வை நேரத்துக்கு இழுத்து மூடாது. வாங்கப் போகும் காரை முந்தைய ஓனர் எப்படி ஓட்டினார் என்பதை ஆர்.சி. புத்தகம் சொல்லாது, லீக்டவுன் டெஸ்ட் ஓரளவு சொல்லும். சிலிண்டருக்குள் காற்று ஏற்றிக் கேட்க வேண்டும். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக், ஆயில் மூடி வழியே வந்தால் பிஸ்டன் ரிங். டைமிங் பெல்ட் மாற்றிய பில்லும் கையில் இல்லை என்றால், அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.