மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

பல் டாக்டரைத் தெரிந்த அளவுக்கு அவருடைய உதவியாளரை யாருக்கும் தெரியாது. பல்லைப் பிடுங்கியதும் குறடு, எலிவேட்டர், வாய்க்கண்ணாடி எல்லாம் என் கைக்குத்தான் வரும். ரத்தம் காய்வதற்குள் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். அழுக்கு ஒட்டியிருந்தால் அதன் அடியில் கிருமி பத்திரமாக இருந்துவிடும். பிறகு ஈரம் போகத் துடைத்து, பவுச்சில் போட்டு ஒட்டி, ஆட்டோகிளேவில் ஏற்றுவேன். நம் பிரஷர் குக்கர் மாதிரிதான் அதுவும். 121 டிகிரி செல்சியஸ் நீராவியில், பவுச்சில் போட்ட கருவிகள் அரை மணி நேரம் இருக்க வேண்டும்.

“கொதிக்கிற தண்ணியில போட்டா போதாதா சிஸ்டர்?” என்று கேட்பார்கள். போதாது. சில கிருமிகளின் வித்துகள் 100 டிகிரிக்கெல்லாம் அசையாது. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் பி வைரஸோ, காய்ந்த ரத்தத்துளியில்கூட ஒரு வாரம் உயிரோடு இருக்கும். அதனால்தான் எந்த நோயாளிக்கு என்ன நோய் என்று பார்க்காமல், எல்லாருடைய ரத்தத்தையும் ஒரே மாதிரி எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பது விதி.

ஆட்டோகிளேவ் இருந்தால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போய்வந்தவர்களில் 8 பேர், 2023-ஐ ஒட்டிய மாதங்களில் மூளைத் தொற்றால் இறந்தார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா கொண்டுவரும் மெலியாய்டோசிஸ் என்ற நோய் அது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் உள்ளிட்ட குழு ஆராய்ந்தபோது, அந்தக் கிளினிக்கில் பயன்பாட்டில் இருந்த சலைன் பாட்டிலில் அதே கிருமி கிடைத்தது. சுத்திகரிக்காத கருவியால் பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் ஊற்றியிருக்கிறார்கள்.

சலைன் வெறும் உப்புத் தண்ணீர். கிருமியைத் தடுக்கும் மருந்து எதுவும் அதில் கிடையாது. ஒருவருக்குத் திறந்தால் மீதியைக் கொட்டிவிட வேண்டும். நமக்கோ கொட்ட மனசு வராது. மிச்ச சாம்பாரை நாளைக்கு எடுத்துவைத்து வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் அந்தச் சிக்கனம் நல்ல பழக்கம். பல் நாற்காலிக்குப் பக்கத்தில் அதுவே ஆளைக் கொல்லும். கையுறையானாலும் ஊசியானாலும் சலைனானாலும் மிச்சம் என்று ஒன்று இங்கே இருக்கக் கூடாது.

நாற்காலியில் உட்கார்ந்ததும் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். கருவிப் பவுச்சை உங்கள் முன்னால் பிரிக்கிறார்களா, பவுச்சில் உள்ள அடையாளக் குறி நிறம் மாறியிருக்கிறதா, கையுறை புதிதா, சலைன் பாட்டில் உங்களுக்கென்று திறந்ததா? சந்தேகம் வந்தால் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். ஒழுங்காக வேலை செய்கிற உதவியாளருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். கேட்டதற்குச் சிடுசிடுக்கிற இடமென்றால், வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.