சக்கரத்துக்குள் உருளும் குண்டுகள்

உங்கள் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கி, மெல்லச் சுழற்றிவிடுங்கள். வால்வு உள்ள பக்கம் சற்றுக் கனம். ஆகவே சக்கரம் ஓயும்போது அது கீழே வந்து, தாண்டிப்போய், திரும்பி வரும். ஊசல்போலப் பலமுறை ஆடி நின்றால் நல்லது. சட்டென்று நின்றால், பிரேக் கட்டை உரசவில்லையென்றால், கோளாறு அச்சில்தான்.

சாதாரண சைக்கிளில் அச்சின் கோனுக்கும் குடத்துக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருளுகின்றன. கடைக்காரர் 'பால்ரஸ்' என்பார். சறுக்குவதைவிட உருளுவது எளிது. 1869-இல் பாரிசிலிருந்து ரூவான் வரை, சுமார் 123 கிலோமீட்டர் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் வென்றது இத்தகைய குண்டுகள் பொருத்திய வண்டியில்தான்.

இன்று கிரீஸ் மாற்றினால் பந்தயத்தில் முந்தலாமா? முடியாது. சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் உழைப்பின் பெரும்பகுதியைக் காற்றே விழுங்கிவிடும். அச்சின் பங்கு மிகச் சொற்பம். அப்படியானால் பராமரிப்பு எதற்கு?

ஒவ்வொரு குண்டும் கோனைத் தொடும் பரப்பு மிகச் சிறியது. எனவே அங்கு அழுத்தம் மிக அதிகம். மழைநீரோடு மணல் புகுந்தால் கிரீஸே உப்புத்தாளாகிவிடும். மாணவப் பருவத்தில், ஆட்டத்தைப் போக்க நான் கோனை முழுபலத்தோடு முறுக்கினேன். ஒரே மாதத்தில் அதில் குழிகள்!

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புதுக் கிரீஸ் இடுங்கள். குண்டுகளை மாற்றினால் மொத்தமாக மாற்றுங்கள். பழையவற்றோடு சேர்ந்த புதுக்குண்டு ஒரு மயிரிழை பெரிதாயிருந்தாலும் பாரம் அதன்மேல் குவியும். கோனை, ஆட்டம் மறையும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். கடைசி நட்டை முறுக்கும்போது கோனும் கூடவே திரும்பப் பார்க்கும். அதை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள்.