முள்ளிவாய்க்கால் மணல்மேடு

மேனாட்டிலே ஹெதர் என்னும் செந்நீலப் பூஞ்செடி போர்த்த குன்றுகள் உள. அவற்றின்மீது நடந்து மகிழ்வோர் பலர். நம் வன்னிக் கரையில் அத்தகைய குன்று இல்லை, மணல்மேடு உண்டு. அதனைப் போர்த்துக் கிடப்பது அடம்பன் கொடி. நந்திக்கடற் களப்புக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் முள்ளிவாய்க்கால் நிலம், நடந்து செல்வார்க்கு வழங்குவன யாவை என்பதை ஈண்டுச் சிறிது கூறுவாம்.

முதலாவது, நெய்தல் நிலத்தைக் கண்ணாரக் காணும் பேறு. நாம் ஏட்டிற் படித்த அடும்பு இவ்வடம்பே. அதன் பிளவுபட்ட இலையைக் குறுந்தொகைப் புலவரொருவர் மானின் அடிக்கு ஒப்பிட்டார். இலையொன்றை உள்ளங்கையில் வைத்து நோக்கும் மாணவனுக்கு அவ்வுவமையை விளக்க உரையாசிரியர் வேண்டுவதில்லை.

இரண்டாவது, இயற்கையின் தொழிலை அறிதல். காற்றுச் சுமந்துவரும் மணலைக் கொடி தடுத்து நிறுத்தும். மணல் மூட மூட, அது கணுத்தோறும் வேர்விட்டு மேலெழும். இராவணன் மீசை என்னும் புல்லின் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டோடி விதை பரப்பும். மணலுள் இறங்கும் மழைநீர், கனத்த உவர்நீரின்மேல் மிதந்து நின்று கிணறுகளுக்கு நன்னீர் ஊட்டும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. அத்தகைய பேரலையைச் செடி மூடிய மேடு முற்றுந் தடுக்காது; எனினும் அலையின் வேகத்தை ஓரளவு தணிக்கும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் முன்னோர் சொல்லியதன் பொருளை இங்கே நேரிற் காணலாம்.

மூன்றாவது, நினைவு. 2009 மே மாதத்திற் போரின் இறுதி நாட்களில் இக்குறுநிலத்தில் நெருக்குண்ட மக்களுள் எண்ணற்றோர் மாண்டனர். ஆண்டுதோறும் மே 18இல் உறவினர் இங்கு வந்து சுடரேற்றுவர். உப்பிட்ட கஞ்சியைப் பகிர்ந்துண்பர். ஆதலின் இம்மணலில் அடியெடுத்து வைப்போர் அடக்கத்துடன் நடத்தல் வேண்டும்.

செல்வோர் வைகறையிற் புறப்படுக. வெயில் ஏறுமுன் மீள்க. குடிநீர் கொண்டு செல்க. ஊரவர் வழங்கும் பாதையை விட்டு விலகற்க. இனந்தெரியாத இரும்புப் பொருளைத் தொடற்க. மேட்டின்மீது வண்டி செலுத்தலும் மணல் அள்ளலும் ஆகா. கொடி அறுந்தால் மணல் நில்லாது. மணல் நீங்கினால் நன்னீரும் நில்லாது.

பழைய மாணவரே, ஒருமுறை உங்கள் மக்களையும் அழைத்துச் சென்று காட்டுங்கள். நிலத்தை அறிந்தவரே அதனைக் காப்பர்.