பெரிய சம்பளத்தை விட்டுச் சிறிய சம்பளத்திற்கு வருதல்

நமது சங்கங்கள் உள்ள ஊர்களில் சில ஆண்டுகளாக ஒரு புதுமையைக் காண்கிறோம். படித்துப் பட்டம் பெற்று, சென்னைக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்று கை நிறையச் சம்பளம் வாங்கிய நம் அங்கத்தினர்களின் மக்கள், ஐம்பது வயது நிரம்பு முன்னரே அவ்வுத்தியோகத்தைத் துறந்து ஊர் திரும்புகின்றனர். திரும்பியவர்கள் சும்மா இருப்பதில்லை. ஒருவர் பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறார். மற்றொருவர் துணிக்கடையில் விற்பனையாளராக அமர்கிறார். வேறொருவர் தகப்பனாரின் இரண்டு ஏக்கரில் வெங்காயம் நடுகிறார். முன்பு வாங்கியதில் ஐந்தில் ஒரு பங்கோ ஆறில் ஒரு பங்கோதான் இப்போது வரும்படி. இதனைப் பைத்தியக்காரத்தனம் என்பாரும் உளர். கொடுத்து வைத்தவர் என்பாரும் உளர். இரண்டும் கணக்குப் பாராமல் கூறும் தீர்ப்புகளே.

அவர்கள் ஏன் விட்டார்கள் என்பதைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. இரவு பதினொரு மணிக்கும் ஓயாத தொலைபேசி, மாத இலக்கு, நாற்பது வயதிலேயே இரத்த அழுத்தம், பிள்ளைகள் தூங்கிய பின்னரே வீடு திரும்புதல் ஆகியவற்றை நம் வீடுகளிலேயே கேட்டிருக்கிறோம். விட்டது சரியா என்பது அவரவர் உடலும் மனமும் அறிந்த செய்தி. எப்படி விடுவது என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்டது.

பெரிய வருவாயை விட்டு எளிய வாழ்வுக்கு வந்தோர் நம் நாட்டிற்குப் புதியவரல்லர். தஞ்சையில் 1892-ல் பிறந்த ஜே. சி. குமரப்பா, லண்டனில் கணக்குத் தணிக்கைத் தொழில் பயின்று பம்பாயில் அதனை நடத்தி வந்தவர். 1929-ல் காந்தியடிகளைச் சந்தித்த பின்னர் அத்தொழிலைக் கைவிட்டார். 1934-ல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் பணியை ஏற்று, வார்தாவில் செக்கெண்ணெயும் கைக்குத்தல் அரிசியும் கைக்காகிதமும் பற்றி ஆராய்ச்சி நடத்தினார். மேடைகளில் இவரை உதாரணம் காட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவர் மணம் புரியாதவர். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய பிள்ளைகளும் அவருக்கு இல்லை. அன்றியும் அவர் ஓய்வு தேடி வந்தவரல்லர். முன்னிலும் கடுமையாக உழைக்க வந்தவர். குடும்பஸ்தர் ஒருவர் அவ்வழியே அடி எடுத்து வைக்குமுன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும்.

முதலில், சிறிய சம்பளம் என்ன வேலையைச் செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பலரும் அதனை வருமானம் என்று மட்டுமே எண்ணுகின்றனர். உண்மையில் அது மதகை அடைத்து வைக்கும் பலகை. ஏரியில் தண்ணீர் நிற்பது மழையினால் மட்டும் அன்று. மதகு மூடியிருப்பதனாலும் ஆகும்.

நாற்பத்தாறு வயதான ஒருவரிடம் கடன் யாதும் இல்லாமல் 20 லட்சம் ரூபாய் சேமிப்பு உள்ளது என வைத்துக்கொள்வோம். குடும்பச் செலவு மாதம் 20,000 ரூபாய். சேமிப்பிற்கு ஆண்டுக்கு 7 சதவிகிதம் வட்டி கிடைக்கிறது. அவர் வேலை யாதும் பாராமல் அச்சேமிப்பிலிருந்தே மாதாமாதம் எடுத்துச் செலவு செய்தால், பன்னிரண்டு ஆண்டு கழித்து, ஐம்பத்தெட்டாம் வயதில், கையில் ஏறக்குறைய 1 லட்சமே மிஞ்சும். அதே மனிதர் மாதம் 20,000 ரூபாய் தரும் ஒரு சாதாரண வேலையில் அமர்ந்து, சேமிப்பைத் தொடாமல் விட்டுவைத்தால், அதே ஐம்பத்தெட்டாம் வயதில் அது ஏறக்குறைய 45 லட்சமாக நிற்கும். வேலையில் அவர் பெற்ற மொத்தச் சம்பளம் 28 லட்சத்து 80 ஆயிரம். அதனால் காப்பாற்றப்பட்ட தொகையோ ஏறக்குறைய 44 லட்சம்.

இக்கணக்கில் மயங்கிவிடவும் கூடாது. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவிகிதம் ஏறினால், பன்னிரண்டு ஆண்டில் இன்றைய 20,000 ரூபாய்ச் செலவு 36,000 ரூபாயை எட்டும். அன்றைய 45 லட்சம் இன்றைய 25 லட்சத்திற்கே சமம். சிறிய சம்பளம் விலைவாசியோடு ஏறாவிட்டால் இடையிலேயே மதகு கசியத் தொடங்கும். ஆகவே மாதச் செலவுக்குச் சரியாக உள்ள வேலை போதாது. சிறிது மிச்சமும் தரும் வேலையே வேண்டும். அல்லது செலவைச் சம்பளத்திற்குக் கீழே இறக்க வேண்டும். உத்தியோகத்தில் இருக்கும்போதே ஓராண்டு, வரப்போகும் சிறிய சம்பளத்திற்குள் குடும்பத்தை நடத்திப் பார்த்து, மீதியைத் தபாலாபீசில் போட்டுவைப்பது நல்ல பரீட்சை. அவ்வோராண்டை வீட்டிலுள்ளோர் முணுமுணுக்காமல் கழித்தார்களா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். உத்தியோகத்தை விடுபவர் ஒருவர். சிக்கனம் பிடிப்பவர் பெரும்பாலும் அவர் மனைவியார்.

அமெரிக்காவில் இவ்வாறு செய்வோர் காப்பிக் கடை ஊழியத்தை நாடுவது உண்டு. இச்செய்கைக்கே அங்குக் காப்பிக் கடை ஊழியரின் பெயரை இட்டு வழங்குகின்றனர். காரணம் காப்பியன்று. அந்நாட்டில் வைத்தியக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு கட்டுண்டது; ஸ்டார்பக்ஸ் என்னும் காப்பிக் கடை நிறுவனம் 1988 முதல் பகுதி நேர ஊழியர்க்கும் அக்காப்பீட்டை வழங்கி வருகிறது. சம்பளத்தைவிடக் காப்பீட்டிற்காகவே அங்கு மனிதர்கள் அவ்வேலைக்குச் செல்கின்றனர்.

நம் நாட்டிலும் இது சிந்திக்கத் தக்கது. பெரிய நிறுவனம் தந்த குடும்ப வைத்தியக் காப்பீடு, ராஜினாமா செய்தவுடன் பெரும்பாலும் நின்றுவிடும். ஐம்பதை நெருங்கும் வயதில், சர்க்கரை நோய் கண்ட பிறகு, புதிதாகப் பாலிசி எடுத்தால் அந்நோய்க்குக் காத்திருப்புக் காலம் விதிப்பார்கள். 2024 ஏப்ரல் முதல் அக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. எனவே உத்தியோகத்தில் இருக்கும்போதே சொந்தமாக ஒரு பாலிசி எடுத்து, அம்மூன்றாண்டுகளையும் நிறுவனக் காப்பீட்டின் நிழலிலேயே கழித்துவிடுவது விவேகம். இன்னொரு வழியும் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிலையத்தில், 21,000 ரூபாய்க்கு மேற்படாத சம்பளத்தில் அமர்பவர் இ.எஸ்.ஐ. திட்டத்திற்குள் வருவார். ஊழியர் பங்கு முக்கால் சதவிகிதமே. 16,000 ரூபாய்ச் சம்பளத்திற்கு மாதம் 120 ரூபாய். அதற்கு மனைவி மக்களுக்கும் சேர்த்து வைத்தியம் கிடைக்கிறது. பெரிய சம்பளக்காரருக்கு மூடியிருக்கும் இக்கதவு சிறிய சம்பளக்காரருக்குத் திறந்திருப்பதைப் பலர் அறியார். வேலை தேடும்போது சம்பளத்தை மட்டும் கேளாமல், இ.எஸ்.ஐ. உண்டா என்றும் கேட்க வேண்டும்.

இனி, விட்டுவரும் இடத்திலிருந்து என்ன கொண்டுவரலாம் என்பதைப் பார்ப்போம். பணிக்கொடை என்பது, நிரந்தர ஊழியர்க்கு ஐந்தாண்டு தொடர்ந்த பணிக்குப் பின் உரியது. நிறைவான ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாட்சம்பளம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து நாட்சம்பளம் காண்பர். கணக்கிற்குரிய சம்பளம் 40,000 ரூபாயும் பணி 16 ஆண்டும் ஆயின் 3,69,230 ரூபாய் வரும். சேமநிதியை ராஜினாமாவோடு எடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2024-25-ஆம் ஆண்டிற்கு அதன் வட்டி 8.25 சதவிகிதம். விட்டுவைத்தால் வட்டி தொடர்ந்து சேரும். ஆனால் பணியை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வருமான வரிக் கணக்குக் காட்ட வேண்டும்.

ஓய்வூதியத்தில் ஒரு நுட்பம் உள்ளது. இதனைச் சற்று நிதானமாகக் கவனிக்குமாறு வேண்டுகிறோம். 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டப்படி, பத்தாண்டுப் பணி நிறைந்தவர்க்கு 58-ஆம் வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. 50 வயதிலிருந்தே பெறலாம். ஆனால் முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவிகிதம் குறைப்பர். சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பது கணக்கு. சம்பளத்தின் உச்சவரம்பு 2014 செப்டம்பரில் 15,000 ரூபாயாக வகுக்கப்பட்டது. அச்சம்பளம் எது என்பதிலேதான் நுட்பம். அது கடைசி 60 மாதங்களின் சராசரி. 2014-க்குப் பிந்திய பத்தாண்டுப் பணியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 15,000 ரூபாய் வரம்பில் அதற்கு மாதம் 2,143 ரூபாய் ஓய்வூதியம் ஆகும். அவரே பின்னர் 10,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஐந்தாண்டு உழைத்து, அங்கும் திட்டத்தில் தொடர்ந்தால், பதினைந்து ஆண்டுக்கும் 10,000 ரூபாயே அடிப்படையாகிறது. விடை மீண்டும் 2,143 ரூபாய்தான். ஐந்தாண்டுச் சந்தா ஒரு ரூபாயையும் கூட்டவில்லை. ஆகவே, சிறிய வேலையில் சேருமுன் சேமநிதி அலுவலகத்தில் தம் கணக்கைக் காட்டி விவரம் அறிந்துகொள்ளுதல் நலம். பத்தாண்டு நிறையச் சில மாதங்களே இருக்கையில் அவசரப்பட்டு விடுபவர்க்கு நாம் கூறுவது ஒன்றே: பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாதங்களைக் கழியுங்கள்.

திரண்டு வந்த தொகையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, சங்கத்தில் வையுங்கள் என்று நாம் கூறுவோம் எனப் பலர் எதிர்பார்ப்பர். கூறுவோம், ஆனால் முழுவதையும் அன்று. வங்கிகளிலும் கூட்டுறவு வங்கிகளிலும் உள்ள வைப்புகளுக்கு, ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2020-க்கு முன் அது 1 லட்சமாக இருந்தது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வைப்புகளுக்கு அக்காப்பீடு கிடையாது. இதனை நமது பத்திரிகையிலேயே எழுதுவது சில நிர்வாகிகளுக்குச் சுவைக்காமற் போகலாம். வாழ்நாள் சேமிப்போடு வரும் ஒருவரிடம் இதனை மறைப்பது கூட்டுறவு ஆகாது. அதே தொகையைக் கொண்டு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதும், விசைத்தறி நான்கு வாங்கிப் போடுவதும் அதனினும் பெரிய துணிவு. மதகைக் காக்க வந்தவர் கரையையே வெட்டியவராவார்.

தறிக்கும் வயலுக்கும் வருவோர்க்கு ஒரு வார்த்தை. எளிய வேலை என்று நகரத்தார் நினைப்பது இங்கு எளியதன்று. குழித்தறியில் எட்டு மணி நேரம் அமர்ந்து எழுந்த முழங்காலைக் கேட்டால் தெரியும். 2019-20-ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சம் பேர் கைத்தறித் தொழிலில் உள்ளனர்; நெசவாளருள் மூன்றில் இரண்டு பங்கினர் மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டினர். இவர்கள் பெரிய சம்பளத்தை விட்டு வந்தவர்களல்லர். இதுவே இவர்கள் வாழ்வு. ஏரி நிறைந்திருப்பவர்க்குக் குறைந்த கூலி மனநிம்மதி. ஏரியே இல்லாதவர்க்கு அது அரை வயிறு.

ஆகவே நிர்வாகக் குழுக்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பட்டமும் அனுபவமும் உள்ள ஒருவர், "எனக்கு 8,000 ரூபாய் போதும்" என்று சங்க எழுத்தர் வேலைக்கு வரலாம். அவரை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. அவர் அறிவு சங்கத்திற்குப் பயன்படும். ஆனால் அவ்வேலைக்கு 12,000 ரூபாய் என்று குழு முன்னரே தீர்மானித்திருந்தால், அவருக்கும் 12,000 ரூபாயே கொடுங்கள். அவர் போதும் என்றதற்காகச் சம்பளத்தை இறக்கினால், அவருக்குப் பின் அந்நாற்காலிக்கு வரும் நெசவாளர் மகனும் 8,000 ரூபாய்க்கே அமர வேண்டியிருக்கும். அவர் மனமுவந்து மிச்சத்தைச் சங்கத்திற்கு அளிக்க விரும்பினால், சம்பளப் பட்டியலில் முழுத் தொகைக்குக் கையெழுத்திட்ட பிறகு, தனி ரசீதில் நன்கொடையாக வரவு வைத்துக்கொள்ளலாம்.